கேட்காமலே அடுத்தவர் கண்ணால் பார்க்கிறோம்

பினாங்கில் மதிய நேரத்தில் நாசி கண்டார் கடை வரிசையில் நின்றால் இதைத் தவறாமல் பார்க்கலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளர். அந்தப் பக்கம் கரண்டியோடு கடைக்காரர். நடுவில் வரிசையாகக் குழம்புச் சட்டிகள்.

“அண்ணே, அந்த மீன் முட்டை... அது இல்லண்ணே, உங்க வலது கைப் பக்கம். கணவாய்க்குப் பக்கத்துல.”

மீன் முட்டை இருப்பது வாடிக்கையாளருக்கு இடப்பக்கம். ஆனாலும் அவர் வாயில் ‘வலது’ என்றுதான் வருகிறது. கடைக்காரர் நிற்கும் இடத்திலிருந்து யோசித்துச் சொல்லும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. பசி ஒரு பக்கம், பின்னால் நீளும் வரிசை ஒரு பக்கம். அந்த அவசரத்திலும் அவர் மூளை கண்ணாடியைத் தாண்டிப் போய், எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

உளவியலாளர்கள் இதைப் பார்வைக்கோணம் எடுத்தல் என்ற பெயரில் பேசுகிறார்கள். அடுத்தவர் என்ன நினைக்கிறார், எதற்கு வருந்துகிறார் என்பதெல்லாம் வேறு பாடம். இங்கே நாம் பேசப்போவது கண்ணைப் பற்றி மட்டும்: அவர் இருக்கும் இடத்திலிருந்து எது தெரிகிறது, எப்படித் தெரிகிறது? கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களை ஈர்த்துவரும் கேள்வி, இதை நாம் வேண்டுமென்று செய்கிறோமா, அல்லது தானாகவே நடந்துவிடுகிறதா என்பதுதான்.

இந்தத் திறனில் இரண்டு படிகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் பிளேவெல் இவற்றைப் பிரித்துக் காட்டினார்.

முதல் படி, அவருக்கு அது தெரிகிறதா இல்லையா என்பது. தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலையை நோக்கித் தேர் வரும்போது சாலையோரம் நிற்கும் அப்பாக்களைப் பாருங்கள். அவர்களுக்குத் தேர் நன்றாகத் தெரிகிறது. பிள்ளை வாய் திறந்து கேட்பதற்கு முன்பே தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். அந்த உயரத்தில் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பார்வைக் கோட்டை எது மறைக்கிறது என்று கண்டுகொண்டால் போதும், முதல் படி முடிந்தது.

இரண்டாம் படி கொஞ்சம் கடினமானது. இருவருக்கும் ஒரே பொருள்தான் தெரிகிறது, ஆனால் வேறு வேறு மாதிரி தெரிகிறது. டியூஷன் வகுப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பிள்ளை ‘ழ’ எழுதுகிறது. ஆசிரியருக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாக எழுதியிருக்கிறதா, சுழி திரும்பிவிட்டதா என்று சொல்ல, ஆசிரியர் மனத்துக்குள் அந்த எழுத்தைத் திருப்பியாக வேண்டும். பிளேவெலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஓர் ஆமைப் படத்தைப் பயன்படுத்தினார்கள். படத்தைக் குழந்தைக்கும் ஆய்வாளருக்கும் நடுவில் படுக்கையாக வைத்தால், ஒரு பக்கத்திலிருந்து ஆமை காலூன்றி நிற்கும், மறுபக்கத்திலிருந்து மல்லாந்து கிடக்கும். மூன்று வயதுக் குழந்தைகளுக்கு முதல் படிக் கேள்விகள் எளிதாக இருந்தன. ஆனால் எதிரில் இருப்பவருக்கு ஆமை எப்படித் தெரியும் என்று கேட்டால் தடுமாறினார்கள். நான்கு, நான்கரை வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது.

இதற்கெல்லாம் முன்னோடி, ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் ஜெனீவாவில் செய்து 1948இல் வெளியிட்ட மூன்று மலைச் சோதனை. மேசைமேல் மூன்று மலைகளின் மாதிரி இருக்கும், மறுபக்கம் ஒரு பொம்மை. பொம்மைக்குத் தெரியும் காட்சி எது என்று படங்களில் காட்டச் சொன்னால், சிறு பிள்ளைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே காட்டினார்கள். ஏழு எட்டு வயதுவரை குழந்தைகள் தம் கண்ணை விட்டு வெளியே வர முடியாதவர்கள் என்ற எண்ணம் இதனால் நெடுநாள் நிலைத்துவிட்டது. 1970களில் எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ், மலைகளை விட்டுவிட்டுப் போலீஸ் பொம்மையிடமிருந்து பையன் பொம்மையை ஒளித்துவைக்கச் சொன்னார். மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் சரியாகச் செய்தார்கள். பிள்ளைக்குப் புரியும் நோக்கம் ஒன்றைக் கொடுத்தால் திறமை வெளியே வருகிறது. பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் இந்த ஓர் ஆய்வையாவது அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

தானாக நடக்கிறதா?

கேட்டால் செய்ய முடியும் என்பது ஒன்று. கேட்காமலே நடப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத் தொட்டவர்கள் டானா சாம்சன், இயன் ஆப்பர்லி முதலியோர். ஆண்டு 2010.

திரையில் ஓர் அறை தெரிகிறது. நடுவில் கணினியில் வரைந்த ஒரு மனித உருவம், இடச் சுவரையோ வலச் சுவரையோ பார்த்தபடி நிற்கிறது. சுவர்களில் சில சிவப்பு வட்டங்கள். உருவம் பார்க்கும் சுவரில் இரண்டு, முதுகுக்குப் பின்னால் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மூன்றும் தெரியும், அந்த உருவத்துக்கு இரண்டுதான். திரையில் ஓர் எண் வரும். உங்களுக்குத் தெரியும் வட்டங்களின் எண்ணிக்கையோடு அது பொருந்துகிறதா என்று பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவே. அந்த உருவத்துக்கும் இந்தக் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் உங்கள் எண்ணிக்கையும் அதன் எண்ணிக்கையும் வேறுபடும்போது பதில் வரத் தாமதமாகிறது, பிழையும் கூடுகிறது. தாமதம் கண்ணிமைப்பதற்கும் குறைந்த நேரம்தான். இருந்தாலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. உருவத்தின் கோணத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்காமல், சொந்தப் பார்வையை மட்டுமே கேட்ட சுற்றிலும் அது வந்தது. நாம் கூப்பிடாமலே அடுத்தவரின் பார்வை உள்ளே நுழைந்து, நம் சொந்தக் கணக்கில் குறுக்கிடுகிறது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இங்கேதான் வாதம் சூடுபிடித்தது. சிசிலியா ஹேய்ஸ் உள்ளிட்ட ஒரு குழு 2014இல் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டது: மனித உருவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அம்புக்குறியை வைத்தால் என்ன ஆகும்? வைத்துப் பார்த்தார்கள். அதே தாமதம் வந்தது. அம்புக்குறிக்குக் கண் இல்லை, அது எதையும் பார்ப்பதும் இல்லை. ஆக, முகமும் மூக்கும் ஒரு பக்கம் காட்டுவதால் நம் கவனம் அந்தப் பக்கம் இழுபடுகிறது, அங்கே உள்ள இரண்டு வட்டங்களை முதலில் எண்ணிவிடுகிறோம், அதுதான் தாமதத்துக்குக் காரணம் என்றார்கள். அடுத்தவர் பார்வையைக் கணக்கிடுவதாக நாம் நினைத்தது, வெறும் திசைகாட்டியைப் பின்தொடர்வதாகவும் இருக்கலாம்.

பிறகு வேறு சிலர் உருவத்துக்கும் வட்டங்களுக்கும் நடுவில் தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். தடுப்பு மறைத்தும் தாமதம் மறையவில்லை. ஒரு குழு உருவத்துக்குப் பார்வையை மறைக்கும் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு, இப்போது தாமதம் போய்விட்டது, ஆகவே இது பார்வையைப் பற்றியதுதான் என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு அதேபோல் செய்துவிட்டு, இல்லை, தாமதம் அப்படியே இருக்கிறது என்றது. படிக்கிறவர்களுக்கு இது தலைசுற்றலாம். எனக்கு இந்தச் சண்டை மிகவும் பிடிக்கிறது. ஒவ்வொரு சோதனையும் முந்தையதில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று தேடிப்போய் அதைச் சாத்துகிறது. அறிவியல் பொறுமையாக நகரும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

என் கருத்தில் இந்த வட்டச் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. எத்தனை வட்டம் தெரிகிறது என்பது முதல் படிக் கேள்வி. அம்புக்குறியால் பதில் சொல்ல முடிகிற கேள்வியும் அதுதான். அடுத்தவருக்கு ஒரு பொருள் எப்படித் தெரிகிறது என்று எந்த அம்புக்குறியும் சொல்லாது. ஆகவே இரண்டாம் படியில் தேட வேண்டும்.

மேசைமேல் ஓர் எழுத்து

அப்படித் தேடியவர்கள் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினோர் வார்டும் ஜார்ஜியோ கனிஸும் பாட்ரிக் பாக்கும். 2019இல் வெளிவந்த அவர்களின் சோதனையைப் புரிந்துகொள்ள, பழைய செய்தி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

சாய்ந்து கிடக்கும் ஓர் எழுத்தைக் காட்டி, இது சரியான எழுத்தா, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியதா என்று கேட்டால், நாம் அதை மனத்துக்குள் நிமிர்த்திப் பார்த்துத்தான் சொல்கிறோம். எழுத்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் கூடும். 1970களில் ரோஜர் ஷெப்பர்டும் அவரோடு பணியாற்றியவர்களும் இதை அளந்து காட்டினார்கள். தலைகீழாகக் கிடக்கும் எழுத்துக்குத்தான் அதிக நேரம்.

இப்போது பிளிமத் சோதனைக்கு வருவோம். படத்தில் ஒரு மேசை. மேசைமேல் ஓர் எழுத்து படுக்கையாக, ஏதோ ஒரு சாய்வில் கிடக்கிறது. சரியான எழுத்தா, இடவலம் மாறியதா என்று சொல்ல வேண்டும். சில படங்களில் மேசையின் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒன்றும் செய்வதில்லை. அவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

எழுத்தின் தலை உங்களுக்கு வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது முழுக் கால்வட்டம் திரும்பிய எழுத்து. மேசையின் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கோ அது நேராக நிமிர்ந்து நிற்கும் எழுத்து. அவர் அங்கே இருக்கும்போது உங்கள் பதில் விரைவாக வருகிறது. அவர் வலப்பக்கம் போய் உட்கார்ந்தால் அதே எழுத்து அவருக்குத் தலைகீழ். அந்த உதவி கிடைப்பதில்லை.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். வட்டச் சோதனையில் அடுத்தவர் பார்வை நமக்கு இடைஞ்சலாக வந்தது. இங்கே உதவியாக வருகிறது. அவர் இருக்கும் இடத்திலிருந்து எழுத்து எப்படித் தெரியுமோ, அந்த வடிவம் நம் கண்ணுக்கு எட்டிய காட்சிபோலவே உள்ளே கிடைக்கிறது, அதை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். கவனம் இழுபடுவதால் மட்டும் இது நடக்காது. கவனம் எழுத்தின் பக்கம் போகலாம், ஆனால் எழுத்தைத் திருப்பிக் கொடுக்காது. மனிதருக்குப் பதில் ஒரு மேசை விளக்கை அங்கே வைத்தபோது மனிதர் தந்த அளவு உதவி கிடைக்கவில்லை. அவர் கோணத்திலிருந்து பாருங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னபோது விளைவு இன்னும் கூடியது.

அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றைக் கண்டது. உட்கார்ந்திருப்பவர் எழுத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தாலும் இந்த உதவி கிடைக்கிறது. அவர் எங்கே இருக்கிறார் என்பது முக்கியம், எங்கே பார்க்கிறார் என்பது அவ்வளவு முக்கியமில்லை. அப்படியென்றால் மூளை அவருடைய பார்வையைப் படிப்பதைவிட, அவர் இருக்கும் இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று சொல்வதே பொருத்தம்.

நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னது அல்ல. கிளாஸ் கெஸ்லரும் லிண்ட்சி தாம்சனும் 2010இல் காட்டியதுபோல, அடுத்தவர் கோணத்திலிருந்து இடவலம் சொல்லும்போது நம் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பதிலின் வேகத்தை மாற்றுகிறது. அவர் இருக்கும் பக்கமாக உடம்பு ஏற்கெனவே திரும்பியிருந்தால் வேகம் கூடும், எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் குறையும். நாற்காலியை விட்டு எழாமலே உடம்பு கற்பனையில் சுற்றிப் போகிறது. முதல் படிக்கு இந்தச் சுற்றல் தேவைப்படுவதில்லை. அதற்கு ஒரு நேர்கோடு போதும்.

எப்போதும் இப்படித் தானாக நடக்குமா என்றால், சூழலைப் பொறுத்தது. ஒரு காகிதத்தில் 6 என்று இருந்தால் எதிரில் இருப்பவருக்கு அது 9. 8 என்றால் இருவருக்கும் 8தான். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2016இல் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து இப்படிப்பட்ட எண்களைக் காட்டினார்கள். எதிரில் இருப்பவரும் எண்ணைப் படிக்கும் வேலையிலேயே இருக்கிறார் என்று தெரிந்தபோது, 6, 9 போன்ற எண்களில் தாமதம் வந்தது. அவருக்குக் கோணம் தேவைப்படாத வேறு வேலை கொடுத்திருந்தபோது அந்தத் தாமதம் வரவில்லை. கூடவே ஒரு காரியம் செய்யும் மனிதரின் கண் நமக்குள் எளிதில் வந்துவிடுகிறது.

பிறகு ஏன் தவறுகிறோம்?

இவ்வளவு நன்றாக வேலை செய்யும் திறன் இருந்தும், வழி சொல்லும்போது ‘இடது’ என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் கையை நீட்டுகிறவர்களையும், தொலைபேசியில் பேசும்போதே, எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாத தன் திரையை “இதோ இங்க பாரு” என்று காட்டுகிறவர்களையும் நாம் தினமும் சந்திக்கிறோம். முரண்பாடுபோல் தோன்றும். போவாஸ் கெய்சரும் குழுவினரும் 2000இல் செய்த சோதனை இதை விளக்க உதவும்.

இருவருக்கும் நடுவில் அறைகள் உள்ள ஒரு தட்டு. சில அறைகளின் பின்பக்கம் அடைத்திருக்கும், அவற்றில் உள்ள பொருள் உங்களுக்கு மட்டும் தெரியும். மூன்று அளவில் மெழுகுவர்த்திகள் இருக்கின்றன. மிகச் சிறியது அடைத்த அறைக்குள். எதிரில் இருப்பவர், “சின்ன மெழுகுவர்த்தியை நகர்த்துங்கள்” என்கிறார். அவருக்குத் தெரிவது இரண்டுதான். ஆகவே அவர் சொல்வது நடுத்தர அளவுள்ளதை. இது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் பெரியவர்களின் கண் முதலில் ஓடியது மறைந்திருந்த மிகச் சிறியதை நோக்கி. சிலர் கையையும் நீட்டிவிட்டார்கள்.

அடுத்தவர் பார்வை உள்ளே வருவது ஒன்று. வந்ததை எடுத்துப் பேச்சுக்கும் செயலுக்கும் பயன்படுத்துவது இன்னொன்று. முன்னது பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கிறது, பின்னதற்கு உழைப்பு வேண்டும். களைப்பிலும் அவசரத்திலும் நம் சொந்தக் கண் முந்திக்கொள்கிறது.

சாலையில் இது உயிர்ப் பிரச்சினை. பினாங்குப் பாலத்தில் மோட்டாரில் போகும் இளைஞனுக்கு லோரி மலைபோல் தெரிகிறது. இவ்வளவு தெளிவாக எனக்கு அது தெரியும்போது அதன் ஓட்டுநருக்கு நான் தெரியாமல் இருப்பேனா என்று உள்மனம் எண்ணிவிடுகிறது. தெரியாமல் இருக்கலாம். உயர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்சக்கரத்தின் ஓரமும் வண்டியின் பின்புறமும் மறைந்தே இருக்கும். இங்கே தேவைப்படுவது முதல் படிதான், மிக எளிய படி. லோரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அந்தக் கண்ணாடியில் அவருக்கும் உங்களைத் தெரியாது. ஒளி இரு பக்கமும் ஒரே பாதையில்தான் போகிறது. மோட்டார் லைசென்ஸ் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் இருப்பவர்கள் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இடவலம் என்பதே எல்லாருக்கும் ஒரே அளவு முக்கியமா என்ற கேள்விக்கும் தமிழர்களிடமிருந்தே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் ஆய்வு செய்தார். மேசைமேல் இருக்கும் சிறு பொருளைக்கூடக் கிராமத்தார் ‘வடக்கே இருக்கிறது, தெற்கே இருக்கிறது’ என்று சொல்வதையும், நகரத்தார் இடது வலது என்று சொல்வதையும் பதிவு செய்தார். பேசத் தேவையில்லாத சோதனைகளிலும் அந்த வேறுபாடு எதிரொலித்தது. வடக்கு என்று சொன்னால் எதிரில் நிற்பவருக்கும் அது வடக்குதான், யாரும் யார் கண்ணாலும் பார்க்கத் தேவையில்லை. பினாங்கில் “கடல் பக்கம்”, “மலைப் பக்கம்”, “கொம்தார் பக்கம்” என்று வழி சொல்லும் பெரியவர்களும் அதே நன்மையைப் பெறுகிறார்கள். யாருக்கு இடது என்ற குழப்பமே அங்கே எழுவதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்க விரும்பினால், பார்பரா ட்வெர்ஸ்கியும் பிரிஜெட் ஹார்டும் 2009இல் செய்ததைச் சற்று மாற்றிச் செய்யலாம். அவர்கள் ஒரு மேசையின் படத்தைக் காட்டி, புட்டியைப் பொறுத்தவரை புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் ஆள் இல்லாதபோது கிட்டத்தட்ட எல்லாரும் தங்கள் கோணத்திலிருந்தே சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தபோது ஏறத்தாழ கால்வாசிப் பேர், தங்கள் கோணத்தை விட்டுவிட்டு அவருடைய இடவலத்தில் பதில் சொன்னார்கள். கேள்வி அவருடைய செயலைக் குறிப்பிடும்போது அப்படிச் சொல்பவர்கள் இன்னும் கூடினார்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒரு குவளை, ஒரு சாவிக்கொத்து. மேசைமேல் அருகருகே வையுங்கள். எதிர் நாற்காலி காலியாக இருக்கும்போது சிலரிடமும், அதில் உட்கார்ந்த ஒருவர் சாவியை நோக்கிக் கையை நீட்டும்போது வேறு சிலரிடமும், குவளைக்கு எந்தப் பக்கம் சாவி இருக்கிறது என்று கேளுங்கள். யோசிக்க நேரம் கொடுக்காதீர்கள். “யாருக்கு இடது?” என்ற கேள்வியைப் பதில் வந்த பிறகு மட்டும் கேளுங்கள், முன்னாலேயே கேட்டுவிட்டால் அவர்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.